தெற்குப் பார்த்து டவுன்லோட் செய்யவும்

எங்கள் கேமை எந்த நாளில், எந்த நேரத்தில் வெளியிடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் திறமை காரணமில்லை. மற்ற வேலைகள் எதுவும் எனக்கு வரவில்லை. விக்ரமன் கோட் எழுதினான். திலக்ஷன் படம் வரைந்தான், குரலும் கொடுத்தான். நான் எழுதிய ஒரே ஒரு கோட் வரி கேமுக்குள் வரும் பஸ்ஸைப் பின்பக்கமாக ஓடவைத்தது. அதற்குப் பிறகு இருவரும் மிக மரியாதையாக, "அனு, நீ கொப்பியில எல்லாம் ஒழுங்கா எழுதுற ஆள்தானே, நாள் பார்க்கிற வேலையை நீயே செய்" என்றார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில் கேம் செய்யப் பழக்கும் எங்கள் வகுப்பு நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறிலிருந்து எட்டரை வரை. ரயில் போகும்போது ஸ்ரீஸ்கந்தராசா சேர் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே மறுபடி தொடங்குவார். பெப்ரவரியில் ஒரு நாள் அப்படி ரயிலுக்கு முன்னால் பாதியும் பின்னால் பாதியுமாக அவர் சொன்ன செய்திதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். கொழும்பில் கேம் தயாரிக்கும் ஒரு கம்பனி எங்கள் வகுப்பிலிருந்து ஒரு குழுவை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுக்கப்போகிறது. நிபந்தனை ஒன்றுதான். ஏப்ரல் பதினேழாம் திகதி பகல் பன்னிரண்டு மணிக்கு, ஃபோனின் ஆப் ஸ்டோரில் இலங்கைக்கான புதிய இலவச கேம்களின் பட்டியலில் முதல் இருபதுக்குள் நிற்க வேண்டும்.

எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் இருந்தது. பகலில் நான் கொட்டாஞ்சேனையில் பூபாலசிங்கம் அங்கிளின் கொமியூனிகேஷன் கடையில் ஃபோட்டோகொப்பி எடுக்கிறேன், ஃபோன்களுக்கு ரீலோட் போடுகிறேன். மே மாதம் முதலாம் திகதியிலிருந்து இரவு எட்டு மணி வரை நிற்கச் சொல்லியிருந்தார். எட்டு மணி வரை கொட்டாஞ்சேனையில் நின்றால் ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் இருக்க முடியாது. பயிற்சி கிடைத்தால் கடையை விடுவேன். கிடைக்காவிட்டால் வகுப்பை விடுவேன். இதை என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, பார்க்க வேதனையாக இருந்ததால் அடுத்த பக்கத்தோடு சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டேன்.

கேமின் பெயர் 'ஃபுட்போர்ட்'. திலக்ஷன் ஹட்டனிலிருந்து வந்த புதிதில் எட்டு மாதம் காலி வீதி பிரைவேட் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவன். விளையாடுகிறவர்தான் கொண்டக்டர். சனத்தை ஏற்ற வேண்டும், மீதிச் சில்லறை கொடுக்க வேண்டும், ஃபுட்போர்டில் தொங்குகிறவர்களை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் பஸ் சரியும். பின்னணியில் திலக்ஷனின் குரல் கத்திக்கொண்டே இருக்கும்: "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட! முன்னுக்குப் போங்க! உள்ள கிரவுண்ட் மாதிரி எடம் கெடக்கு!"

நாள் பார்ப்பது ஏன் முக்கியம் என்று சேர் ஏற்கெனவே விளங்கப்படுத்தியிருந்தார். "பத்து நாளில ஆயிரம் பேர் வந்தா ஸ்டோர் உங்களை ஏனெண்டும் கேக்காது. ஒரு மணித்தியாலத்தில ஐந்நூறு பேர் வந்தா, 'இதென்ன, இங்க சனம் கூடி நிக்குது' எண்டு திரும்பிப் பாக்கும். பிறகு அதுவே நாலு பேருக்குக் காட்டும்."

ஆகவே சனம் ஒன்றாகக் கூடும் ஒரு நேரம் வேண்டும். மார்ச் மாதம் முழுக்க நாட்களை எழுதி எழுதி வெட்டினேன். கிரிக்கெட் இருக்கும் நாட்கள் போயின. வெளிநாட்டுப் பெரிய கேம் ஒன்று வெளியாகவிருந்த வாரம் முழுதாகப் போனது. வெள்ளிக்கிழமைகளை விக்ரமன் வெட்டினான். ஏதாவது பிழை வந்தால் திருத்த நேரமிராதாம், சனிக்கிழமை அவன் குடும்பத்துக் கடையில் நிற்க வேண்டுமாம். மிஞ்சிய நாட்களை நானே சந்தேகப்பட்டு வெட்டினேன். கடைசியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மட்டும் மிஞ்சியது. அதை எனக்கே பிடிக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் ஒருவர் கடைக்கு வந்து புதுவருட சுபநேரப் பத்திரத்தை அறுபது கொப்பி கேட்டார். கந்தோரில் வேலை செய்கிற எல்லாருக்கும் கொடுக்கவாம். மெஷின் ஓடும்போது சும்மா வாசித்தேன். பதினான்காம் திகதி அதிகாலை 3.16 முதல் புண்ணிய காலம். வருடம் பிறப்பது காலை 9.40. அதுவரை எல்லா வேலைகளையும் தவிர்த்து இருத்தல் வேண்டும்.

எல்லா வேலைகளையும்!

சமையல் இல்லை. கந்தோர் இல்லை. கடை இல்லை. தீவு முழுக்கச் சனம் கையில் ஃபோனோடு சும்மா குந்தியிருக்கும். அந்தச் சந்தோஷத்தில், அடுத்து நின்ற ஒரு அம்மாவின் அடையாள அட்டையை சுபநேரப் பத்திரத்தின் பின்பக்கத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை வகுப்பில் இதைச் சொன்னதும் திலக்ஷன் மேசையில் தட்டினான். "அனு, நீ மூளையா மெஷினா?"

விக்ரமன் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் செட்டியார் தெரு நகைக்கடைக் குடும்பம். அவன் வீட்டில் புதுப் பூட்டு வாங்குவதற்கும் நேரம் பார்ப்பார்கள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்" என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டான்.

நாச்சம்மை அன்ரியின் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. "புண்ணிய காலத்துல கடை தொறக்கப் போறீங்களா? யாருடா இந்த யோசனை சொன்னது?"

"கடை இல்லம்மா, கேம்."

"எதுவா இருந்தா என்ன? புதுசா ஒண்ணைத் தொடங்கறதுதானே? வருஷம் பொறக்கட்டும். அதுக்கப்புறம் நேரம் போட்டிருப்பான், பாத்துச் செய்யி. அதுக்கு முன்னாடி என் புள்ள கை அந்தப் பட்டன்ல படக் கூடாது."

"அப்ப என் கை படலாமா, அன்ரி?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார். "உன் கைக்கு உங்கம்மாகிட்டக் கேளு."

எனக்கு அது மூடநம்பிக்கையாகப் பட்டது. நான் ஆதாரத்தோடு நாள் பார்த்தவள். கொப்பியில் 'எதிர்ப்பு: ஒன்று. காரணம்: பழக்கம். முடிவு: தொடர்க' என்று எழுதினேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கேமுக்குள் விளையாடுகிறவர்களின் பெயரும் புள்ளியும் வரும் பட்டியல் ஒன்று இருக்கிறது. எத்தனை பெயருக்கு இடம் விடுவது என்று விக்ரமன் கேட்டான். ஆயிரம் என்று சொல்ல வாய் திறந்து, அது பேராசையாகத் தெரிந்ததால் இருநூறு என்றேன். அவன் பாவம் பார்த்து ஐந்நூறு என்று போட்டான்.

பதினான்காம் திகதி காலை அம்மா என் தலையில் மூலிகை அவித்த மருத்து நீர் வைத்தார். குளித்து, புதுச் சட்டை போட்டு, சரியாக ஏழு மணிக்கு எங்கள் ஃபிளாட்டின் நாலாம் மாடி விறாந்தையில் நின்று 'வெளியிடு' என்ற பட்டனை அமத்தினேன். கேமை ஸ்டோர் நான்கு நாட்களுக்கு முன்பே பார்த்து அனுமதித்திருந்தது. அமத்த வேண்டியது மட்டுமே மிச்சமாக இருந்தது. ஏழேகாலுக்குத் தேடினால் கேம் வந்தது. நானே இறக்கினேன். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது திலக்ஷன். அவன் இந்த வருடம் ஹட்டனுக்குப் போகாமல் வெள்ளவத்தை போர்டிங்கில் தனியாக இருந்தான். ஊரில் சிக்னல் இல்லையாம்.

எட்டு மணிக்குப் பதினாறு பேர். ஒன்பது மணிக்கு முப்பத்தொரு பேர். ஒன்பதரைக்கு முப்பத்தெட்டு. அதில் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், என் மச்சாள்மார் ஆறு பேர், 'சோதனை 1' முதல் 'சோதனை 9' வரை விக்ரமனேதான். அம்மாவுக்குத் தெரியாமல் குளியலறையில் இருந்து செய்திருக்கிறான்.

நான் விறாந்தையில் நடந்தேன். அடுத்த கதவு சந்தமாலி அக்காவினுடையது. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவர். வாசலில் கதிரை போட்டு, காலை நீட்டி, ஃபோனில் பழங்களை வெடிக்கவைத்துக்கொண்டிருந்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டாம் கட்டம். நான் எதிர்பார்த்த அதே காட்சி. சும்மா இருக்கும் சனம், கையில் ஃபோன்.

"அக்கா, எங்கட கேம் வந்திட்டுது. இறக்கிப் பாருங்கோவன்."

சந்தமாலி அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அனே நங்கி! நோனகத்தே நே! அலுத் தெயக் பட்டங் கன்ன பே." எனக்குப் புரியாதோ என்று தமிழிலும் சொன்னார். "இப்ப வேலை செய்யாத நேரம், தங்கச்சி. புதுசு தொடங்க ஏலாது. பழைய கேம் பரவாயில்லை. அது போன வருசமே தொடங்கினதுதானே."

நான் சுவரில் சாய்ந்தேன். தீவு முழுக்கச் சனம் சும்மா இருந்தது உண்மை. ஃபோனைப் பார்த்தது உண்மை. எல்லாரும் போன வருடத்துக் கேமை விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாச்சம்மை அன்ரி ஒரே வாக்கியத்தில் சொன்னதை நான் ஒரு மாதம் கொப்பியில் எழுதி, வெட்டி, தாண்டிப் போயிருக்கிறேன். முதல் மணித்தியாலங்கள்தான் முக்கியம் என்று சேர் சொன்னார். அவற்றில் இரண்டரை ஏற்கெனவே போய்விட்டன. கிளிப் போட்ட பக்கம் ஞாபகம் வந்தது.

"அழாதே நங்கி" என்றார் சந்தமாலி அக்கா. நான் அழவில்லை, ஆனால் அவர் சொன்னதும் அழுகை வரப் பார்த்தது. "நான் போடுறேன். வெட அல்லன வெலாவட்ட."

"எப்ப?"

"வேலை தொடங்குற நேரம். பன்னெண்டு பதினாலு. நான் புது ஊசியில ஒரு தையல் போடுவேன், பிறகு உங்கட கேம். எங்கட ஆக்கள் எல்லாரும் அந்த நேரம்தான் எல்லாம் தொடங்குவாங்க."

எல்லாரும். அந்த நேரம். எல்லாம்.

அறைக்குள் ஓடிப் பத்திரத்தை எடுத்தேன். அறுபத்தோராவது கொப்பியை எனக்கென்று வைத்திருந்தேன். அடுப்பு மூட்டல் 10.55. வேலை தொடங்கல், கைவிசேஷக் காசு கொடுத்தல், உணவு உண்ணல் 12.14, வெண்ணிற ஆடை அணிந்து, தெற்குத் திசை நோக்கி. காலை முழுக்க நான் சனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் அனைவரையும் ஒரே நிமிடத்தில் நிறுத்திவைக்கும் ஒழுங்கு இந்தத் தாளில் அச்சடித்து இருந்தது. அதை அறுபத்தொரு தடவை என் கையால் அடித்தும் கீழ்ப்பாதியை நான் வாசிக்கவில்லை.

திலக்ஷனுக்கு எடுத்தேன். "ஒருத்தரையும் டவுன்லோட் பண்ண வேண்டாம் எண்டு சொல்லோணும்."

"அனு, தலையில வச்ச மருத்து நீர் உள்ள எறங்கிருச்சா?"

"கேள். பன்னெண்டு பதினாலு வரைக்கும் வேண்டாம். அந்த நிமிசத்தில எல்லாரும் ஒண்டா. உன்ர கொண்டக்டர் குரலில சொல்லு. சிங்களத்திலயும் சொல்லு. நான் எழுதி அனுப்புறன்."

பத்து நிமிடத்தில் எழுதினேன். வழக்கமாக ஒரு வரியை நான்கு தடவை திருத்துகிறவள், இதைத் திருத்தவே இல்லை. நேரமில்லை.

'ஃபுட்போர்ட் கேம் டவுன்லோட் செய்யும் சுபநேரம்: பகல் 12.14. வெண்ணிற ஆடை அணிந்து, தெற்குத் திசை நோக்கி, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையை உயர்த்தி, மற்றக் கையால் டவுன்லோட் செய்யவும். அதற்கு முன் செய்தல் ஆகாது.'

திலக்ஷன் அதை ஒரு நிமிடக் குரலாக அனுப்பினான். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. இடையில் வாயாலேயே பஸ் ஹோர்ன். கடைசியில் அவன் தானாகச் சேர்த்தது: "பன்னெண்டு பதிமூணுக்கு ஏறுறவுங்கள எறக்கி விட்டுருவேன்! ஹரித, நோனா? சரியாம்மா?"

பத்தேகாலுக்கு எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினோம். விக்ரமனுக்கு அனுப்பினேன், அவன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினான். உடனே அன்ரியே என்னை அழைத்தார்.

"இப்பத்தான்டி புத்தி வந்திருக்கு. பன்னெண்டு பதினாலா? நல்ல நேரம். கோவில் திருப்பணிக் குழுவுல இருநூத்தி நாப்பது பேரு இருக்காங்க, நகைக்கடைச் சங்கத்துல ஒரு நூறு. எல்லாருக்கும் போட்டாச்சு. நீயும் அந்த ஹட்டன் புள்ளையும் சாப்பிட இங்க வந்துருங்க. வெள்ளை உடுத்திட்டு வாங்க."

என்னிடம் வெள்ளையில் இருந்தது பாடசாலைச் சீருடை மட்டும். அம்மாவின் வெள்ளைச் சால்வையைப் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெருவுக்கு நடந்தேன். பதினொன்றரைக்கு பூபாலசிங்கம் அங்கிளிடமிருந்து ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. திலக்ஷனின் குரல். கீழே எழுதியிருந்தார்: 'இதைக் கேளும். ஆரோ விசரன் செய்திருக்கிறான். நானும் 12.14க்குப் போடப்போறன்.'

நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். என்னைத் தாண்டிப் போன த்ரீவீலருக்குள்ளிருந்து "ஹரித, நோனா?" என்று கேட்டது. அது திலக்ஷனே வருகிறான் என்று நினைத்துக் கைகாட்டினேன். யாரோ ஒரு குடும்பம். அவர்களும் கைகாட்டினார்கள்.

அன்ரி வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் நால்வரும் தெற்குப் பார்த்து நின்றோம். எது தெற்கு என்பதில் சிறிய தகராறு வந்தது. திலக்ஷன், "வெள்ளவத்த எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்று தீர்த்துவைத்தான். நாச்சம்மை அன்ரி வெள்ளைப் பட்டில், ஒரு கையைக் கம்பி பிடிப்பதுபோல் உயர்த்தி, மற்றக் கையில் ஃபோனோடு நின்றார். 12.13க்கு விக்ரமன் அவசரப்பட்டு லப்டொப்பில் புள்ளிப் பட்டியலைத் திறந்தான். நாற்பத்தொன்று.

"மூணு பேர் நேரம் பாக்காம ஏறிட்டாங்க" என்றான்.

"எறக்கி விடு" என்றான் திலக்ஷன்.

12.14. நகரம் முழுக்கப் பட்டாசு வெடித்தது. எங்கள் காதுகள் அடைத்தன. விக்ரமன் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பினான். ஐம்பத்தொன்பது. நூற்று முப்பது. திலக்ஷன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். இருநூற்றெண்பது. நானூறு. எனக்கு முன்பின் தெரியாத பெயர்கள், மாத்தறையிலிருந்து, குருநாகலிலிருந்து, சிங்களத்தில், தமிழில், ஒருவர் வெறும் பஸ் படம் போட்டு. நானூற்றெழுபது. ஐந்நூறு.

ஐந்நூறு. ஐந்நூறு. ஐந்நூறு.

"நின்னு போச்சே" என்றார் அன்ரி, கையை இறக்காமல்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான் நினைப்பேன். விக்ரமன் என்னைப் பார்த்தான்.

"அனுஷியா, ஐந்நூறுக்கு மேல பட்டியல்ல எடமே இல்ல. நீ இருநூறுன்னு சொன்ன."

"சொன்னன்தான்."

"உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் இருநூறுல நின்னிருப்போம்!"

நால்வரும் சிரித்தோம். அன்ரிக்கு ஏன் என்று தெரியாது, ஆனாலும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். விக்ரமன் நின்றபடியே இலக்கத்தை மாற்றினான். அன்ரி அவன் வாயில் பாற்பொங்கலை ஊட்டினார். கை விசைப்பலகையில் இருக்கும்போது பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று எங்களுக்கும் விளக்கம் தந்தார். மறுபடி திறந்தபோது ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு.

ஆனால் எங்கள் பட்டியல் வேறு, ஸ்டோரின் பட்டியல் வேறு. அது ஆறுதலாகத்தான் அசைந்தது. பதினைந்தாம் திகதி காலை நாங்கள் நாற்பத்தாறாவது. பதினாறு மாலை இருபத்தெட்டு. பதினேழு காலை கடை திறந்தபோது இருபத்து மூன்று. பன்னிரண்டு மணிக்கு சேர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். கொப்பியில் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டே ஃபோட்டோகொப்பி எடுத்தேன். 10.20, இருபத்து மூன்று. 11.05, இருபத்தொன்று. 11.40, இருபத்தொன்று. ஒருவர் இரண்டு கொப்பி கேட்டார், ஐந்து கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

பூபாலசிங்கம் அங்கிள் காசு மேசையில் ஃபோனில் மூழ்கியிருந்தார். "இந்தக் கிழவியை ஏத்தினா பஸ் சரியுது. ஏத்தாட்டி சனம் ஏசுது. என்ன நியாயம் இது?" தலை நிமிராமலே கேட்டார். "அது கிடக்கட்டும், அனுஷியா. மேயிலிருந்து எட்டு மணி வரைக்கும் நிப்பீர்தானே? நான் மற்றக் கடைக்கு ஆள் போடோணும்."

11.52. இருபத்தொன்று. "ஓம்" என்று சொல்லவே வாய் வந்தது. அதுதான் என் வழக்கம். "பன்னெண்டு மணிக்குச் சொல்லட்டோ, அங்கிள்?" என்றேன்.

"ஏன், அதுக்கும் நேரம் பாக்கிறீரோ?"

11.57க்குப் பக்கத்தைப் புதுப்பித்தேன். 'ஃபுட்போர்ட்' இருபத்தொன்றில் இல்லை. இருபத்திரண்டிலும் இல்லை. கீழே கீழே தேடினேன், முப்பது வரை போனேன், கண்ணில் நீர் முட்டியது. பிறகுதான் மேலே பார்க்கத் தோன்றியது. பதினேழு. நான் மேலே பார்க்க நினைக்கவே இல்லை.

பன்னிரண்டு ஒன்றுக்கு சேரின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. பதினேழில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அதை விக்ரமனும் திலக்ஷனும் என்னிடம் திரும்ப அனுப்பினார்கள், எனக்கு வராததுபோல. திலக்ஷன் குரலும் அனுப்பினான். கடை முழுக்கக் கேட்கும்படி அது ஓடியது: "முன்னுக்குப் போங்க அனு, முன்னுக்குப் போங்க!"

பூபாலசிங்கம் அங்கிள் ஃபோனைக் கீழே வைத்தார். தன் ஃபோனைப் பார்த்தார். என் ஃபோனைப் பார்த்தார். "இது அதே குரலல்லே?"

"ஓம் அங்கிள்."

"அந்த விசரன் உம்மட ஆளோ?"

"குரல் அவன்ர. 12.14 எண்டு எழுதினது நான்." பிறகு மூச்சை இழுத்து, மே மாதம் பற்றியும் சொன்னேன். பயிற்சி இடம், கம்பனி, மாத முடிவில் நின்றுவிடுவேன் என்பது, எல்லாம் ஒரே வசனமாக வந்தது. கொப்பியில் எழுதி ஒத்திகை பார்க்காமல் நான் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான்.

அவர் ஒரு கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"சரி, போம். ஆனா போறதுக்கு முன்னம் இதில குந்தி, இந்த ஆறாம் கட்டம் எப்பிடித் தாண்டுறது எண்டு காட்டிட்டுப் போம். மூண்டு நாளா அந்தக் கிழவியோட மாயிறன்."